ரெண்டு மாத்திரைக்கு அடங்காத காணாக்கடி

திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்தபிறகு வருகிறவர்களில் யாராவது ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முன்கையை நீட்டுவார். "அண்ணே, இந்த அரிப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." ரெண்டுதான். அட்டையாகக் கேட்கமாட்டார்கள். ஒன்றைக் கடை வாசலிலேயே போட்டுக்கொண்டு, மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். திடீரென்று கிளம்பி ரெண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிற தடிப்புக்கு அது போதும். மாதக்கணக்கில் விடாமல் வருகிற காணாக்கடிக்கு, அதாவது டாக்டர்கள் அர்ட்டிகேரியா என்று எழுதுகிற அரிப்புத் தடிப்புக்கு, அந்தக் கணக்கு ஒத்துவராது. அதை எப்படி இனம் காண்பது, டாக்டரிடம் எதைக் காட்டுவது, மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். என் மதினிக்குச் சில வருஷம் இந்தத் தொல்லை இருந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் அவர் கதையையும் நடுநடுவே சேர்க்கிறேன்.

முதலில், இது காணாக்கடிதானா?

கொசு கடித்த மாதிரி மேடாக எழும்பும். நடுவில் வெளுத்திருக்கும், ஓரம் சிவந்திருக்கும். அரிப்பு தாங்காது. சொறியச் சொறியப் பெரிதாகி, பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் படரும். தோல் உரியாது, நீர் வடியாது. உரிந்தாலோ வடிந்தாலோ அது வேறு நோய். வீட்டில் நாலு பேருக்கும் ராத்திரியில் விரல் இடுக்கில் அரிக்கிறது என்றால் சிரங்காக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் ஒரு தடிப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். பக்கத்தில் மணியை எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் பாருங்கள். காணாக்கடி என்றால் கோடு இருக்கும், தடிப்பு இருக்காது. புதிதாக வேறு இடத்தில் கிளம்பியிருக்கும். உடம்பு முழுக்க மாதக்கணக்கில் தடிப்பு இருந்தாலும், ஒவ்வொரு தடிப்பின் ஆயுளும் 24 மணி நேரத்துக்குள்தான். வந்த தடம் தெரியாமல் போய்விடும்.

ஒரே தடிப்பு ஒரு நாளைத் தாண்டியும் அதே இடத்தில் நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாக இருந்து, போகும்போது கன்றிப்போன மாதிரி கருந்தடம் விட்டுப் போனால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தோலில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்களில் அழற்சி இருந்தால் அப்படி வரும். தோலில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்துத்தான் அதை உறுதிசெய்ய முடியும்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். தடிப்பு உச்சத்தில் இருக்கும்போது போனில் படம் எடுத்துவையுங்கள். இந்த நோய்க்கு ஒரு குறும்பு உண்டு. ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் ஆட்டிவைத்துவிட்டு, காலையில் டோக்கன் வாங்கி டாக்டர் முன்னால் உட்காரும்போது ஒன்றுமே இருக்காது. "எங்கம்மா தடிப்பு?" என்று கேட்டால் நீட்டுவதற்குப் படம்தான் சாட்சி.

சிலருக்குத் தடிப்போடு உதடு வீங்கும், கண்ணிமை மூடிக்கொள்ளும். இதே நோயின் ஆழமான வடிவம்தான் அது. வீக்கம் அடங்க ரெண்டு மூன்று நாள்கூட ஆகலாம். ஆனால் தடிப்பே வராமல் உதடும் நாக்கும் மட்டும் அடிக்கடி வீங்கினால், முதலில் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் வகை மாத்திரைகள் அப்படி வீக்கம் கொடுக்கும். வருஷக்கணக்கில் சாப்பிட்டுப் பழகியவருக்கும் திடீரென்று வரும். அட்டையோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அதே வீக்கம் அப்பா, அத்தை என்று குடும்பத்தில் பலருக்கும் இருந்தால் அது பரம்பரை நோயாக இருக்கலாம். அதற்கு அலர்ஜி மாத்திரை எதுவும் கேட்காது.

தடிப்போடு மூச்சு வாங்குவது, குரல் கம்முவது, தொண்டை அடைப்பது, தலை சுற்றிக் கண் இருட்டுவது, ஊசி போட்ட கையோடு அல்லது தேனீ கொட்டியதும் வாந்தி வருவது - இதில் எது வந்தாலும் என் கடைக்கு வராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அவில், செட்ரிசின் மாதிரி அரிப்பு மாத்திரை எதுவும் அதற்கு மாற்று இல்லை.

"என்ன சாப்பிட்டே?"

தடிப்பு தினமும், அல்லது வாரத்தில் பெரும்பாலான நாள்கள், ஆறு வாரத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தால் அது நீண்டநாள் காணாக்கடி. அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு "என்ன சாப்பிட்டே?" என்ற கேள்வியை விட்டுவிடலாம். சாப்பாட்டு அலர்ஜி சாப்பிட்ட சில நிமிஷங்களில், மிஞ்சினால் ரெண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இறால் சாப்பிட்டு ஒருவருக்குத் தடிப்பு வந்தால், அவரே சாப்பிட்டு முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார். மூன்று மாதமாகத் தினம் சாயங்காலம் வருகிற தடிப்புக்கு நேற்றைய குழம்பைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் நம் வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைப்பது லேசில்லை. மதினிக்கு வந்தபோது பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு பதார்த்தத்தை நிறுத்திவிட்டுப் போனார்கள். கத்தரிக்காய் கரப்பான், கருவாடு கரப்பான், முட்டை சூடு, பாகற்காய் மருந்தை முறிக்கும், நிலக்கடலை பித்தம். கடைசியில் இட்லியும் மோர்சோறும்தான் மிச்சம். ஆள் இளைத்தார், ரத்தம் குறைந்தது, தடிப்பு மட்டும் வழக்கம்போலச் சாயங்காலம் ஆறரைக்கு ஆஜர். "எதைத் தம்பி இன்னும் நிறுத்துறது, தண்ணியையா?" என்று என்னிடம் கேட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்று ஒருவகை அணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் நிறைந்திருக்கும். அது வெளியே கொட்டினால் ரத்தக்குழாய் கசியும், நரம்பு அரிக்கும், தோல் மேடாகும். வெளியிலிருந்து வரும் அலர்ஜிப் பொருள் அதைக் கொட்டவைக்கலாம். நீண்டநாள் காணாக்கடியில் பெரும்பாலும் உடம்பின் சொந்த எதிர்ப்பொருள்களே அந்த அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. அதனால்தான் இந்த நோயாளிகளில் தைராய்டு எதிர்ப்பொருள் இருப்பவர்கள் சாதாரண மக்களைவிட அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்கு வருகிறது. ரத்தம் கெட்டுப்போனதும் இல்லை, தொற்றும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

காரணம் உள்ளே என்றாலும் கிளறிவிடுகிற சமாசாரங்கள் வெளியே உண்டு. அவற்றில் என் கடையோடு நேரடிச் சம்பந்தம் உள்ளது வலி மாத்திரை. ஆஸ்பிரின், டைக்ளோபெனாக், ஐபுப்ரூஃபென் வகைகள் இந்த நோயாளிகளில் பலருக்குத் தடிப்பைக் கூட்டிவிடும். முட்டிவலிக்கும் பல்வலிக்கும் அடிக்கடி வாங்கிப் போட்டுக்கொண்டு, "மீனால் வந்தது" என்பார்கள். வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும். இதய நோய்க்காக டாக்டர் எழுதித் தந்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல், சளி, தூக்கம் கெடுவது, மனக்கவலை, மாதவிலக்கு நாள்கள், மது, வெயில் எல்லாமே கூட்டும்.

அழுத்தமும் உரசலும் தனிக் கதை. மதினிக்கு இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் சுற்றிலும் தடிப்பு. கைப்பையின் வார் தொங்குகிற தோளில் தடிப்பு. ஒருநாள் அவர் முன்கையில் பேனா மூடியின் முனையால், வலிக்காத அளவுக்கு அழுத்தி ஒரு கோடு இழுத்தேன். முதலில் வெறும் வெள்ளைக் கோடு. அப்புறம் சிவந்தது. அஞ்சு நிமிஷம் கழித்து விரலால் தடவினால் தோலுக்கடியில் சணல் கயிறு ஓடுகிற மாதிரி மேடு தட்டியது, கூடவே அரிப்பு. உரசினாலே தடிக்கிற வகை அது. இந்த வகைக்காரர்களுக்குப் போய் எங்கள் பக்கம் கம்பளியால் உடம்பைத் தேய்த்துவிடுவார்கள். தேய்க்கிறபோது சுகமாக இருக்கும். தேய்த்த இடமெல்லாம் கால் மணி நேரத்தில் வீங்கி நிற்கும். நாடாவுக்குப் பதில் அகலமான இலாஸ்டிக், தளர்ந்த பருத்தித் துணி, வெந்நீருக்குப் பதில் ஆறின தண்ணீர் என்று மாற்றியதில் மதினிக்குப் பாதி நிம்மதி.

ஓடினாலோ காரம் சாப்பிட்டாலோ வியர்வையோடு குண்டூசித் தலை அளவில் பொடிப்பொடியாக வருவது இன்னொரு வகை. குளிரில் வருவது மற்றொன்று. அதற்கு முன்கையில் அஞ்சு நிமிஷம் ஐஸ் கட்டி வைத்து எடுத்து, பத்து நிமிஷம் கழித்துப் பார்ப்பார்கள். அதை வீட்டில் செய்யாமல் டாக்டர் முன்னால் செய்யுங்கள். குளிருக்குத் தடிக்கிற உடம்பு என்று தெரிந்தால் கொடைக்கானல் பக்கம் போய் அருவியிலோ, ஊரில் கிணற்றிலோ குதிக்கவே கூடாது. உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் பிரஷர் இறங்கித் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரலாம்.

காலண்டரில் ரெண்டு எண்

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் மாதக் காலண்டரில் எழுதுங்கள். தினமும் ரெண்டே எண். முதல் எண் தடிப்புக்கு: இல்லை என்றால் 0, இருபதுக்குள் என்றால் 1, இருபதிலிருந்து ஐம்பது வரை 2, அதற்கு மேல் அல்லது பெரிது பெரிதாகச் சேர்ந்திருந்தால் 3. ரெண்டாவது எண் அரிப்புக்கு: இல்லை 0, லேசாக 1, தொந்தரவாக இருக்கிறது ஆனால் வேலையும் தூக்கமும் கெடவில்லை என்றால் 2, வேலையோ தூக்கமோ கெட்டால் 3. ஏழு நாளையும் கூட்டினால் 0 முதல் 42 வரை ஒரு எண் வரும். உலகம் முழுக்கத் தோல் டாக்டர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். 28 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை, 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கட்டுக்குள் இருக்கிறது. "ரொம்ப அரிக்குது டாக்டர்" என்பதைவிட "போன வாரம் 31, இந்த வாரம் 19" என்பது எவ்வளவோ மேல். மருந்து கேட்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எந்த டெஸ்டுக்குப் பணம் கட்டுவது? முழு ரத்த எண்ணிக்கை, கூடவே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி. தோல் டாக்டர் பார்த்துவிட்டுத் தைராய்டும், அலர்ஜியோடு சம்பந்தப்பட்ட எதிர்ப்பொருளான ஐஜிஇயின் மொத்த அளவும் கேட்கலாம். ஐஜிஇ ரொம்பக் குறைவாக இருந்தால் பின்னால் சொல்லப்போகிற ஊசி மெதுவாகவோ குறைவாகவோ வேலை செய்யலாம் என்பதற்கு அது ஒரு அறிகுறி. ரத்த எண்ணிக்கையில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு ஏறியிருந்தால் வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று மலத்தைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் ஆரம்பத்துக்கு. நூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிற பெரிய பேக்கேஜ் இந்த நோய்க்குத் தேவையில்லை. அதில் துவரம்பருப்புக்கும் தக்காளிக்கும் லேசாக ஒரு கோடு ஏறியிருக்கும், அதை வைத்து இன்னும் ரெண்டு பதார்த்தம் போகும். மதினி வீட்டு பீரோவில் அப்படி ஒரு ரிப்போர்ட் வழவழ தாளில் கிடக்கிறது.

மாத்திரையைச் சாப்பிடுகிற விதம்

இனி என் துறை. அரிப்பு மாத்திரை ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ஹிஸ்டமின் போய் உட்காருகிற இடத்தில் முன்கூட்டியே இது போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே தடிப்பு கிளம்பின பிறகு போடுவதைவிட, கிளம்புவதற்கு முன்பே ரத்தத்தில் இருக்கவேண்டும். தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும், ஒரே நேரத்தில் போடவேண்டும். சட்டைப்பை மாத்திரைக்காரர்களோடு எனக்கு வாக்குவாதமே இதில்தான். "நேத்து வரலை, அதான் போடலைண்ணே" என்பார்கள். நேற்று வராததே முந்தாநாள் போட்டதால்தான்.

எந்த மாத்திரை? புதுத் தலைமுறை வகைகளில் ஒன்று. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு செட்ரிசின் 10 மில்லிகிராம், லெவோசெட்ரிசின் 5, லோராடடின் 10, ஃபெக்ஸோபெனடின் 180, பிலாஸ்டின் 20. எல்லாம் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும். செட்ரிசினும் லெவோசெட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும், அவர்கள் ராத்திரி போட்டுக்கொள்ளலாம். பஸ், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் ஃபெக்ஸோபெனடின், பிலாஸ்டின் பற்றிக் கேட்கலாம். பிலாஸ்டினை வெறும் வயிற்றில் போடவேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது ரெண்டு மணி நேரம் பின்பு. ஃபெக்ஸோபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் பாதி மருந்து ஏறாது, தண்ணீர்தான் சரி. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துக்கும் அதற்கும் ரெண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் செட்ரிசின் வகையில் அளவு குறையும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்கவேண்டாம். செட்ரிசினும் லோராடடினும்தான் அவர்களுக்கு அதிகம் எழுதப்படுபவை. குழந்தைகளுக்கு வயதும் எடையும் பார்த்துத்தான் அளவு.

ரெண்டு முதல் நாலு வாரம் விடாமல் சாப்பிட்டும் காலண்டர் எண் இறங்கவில்லை என்றால், டாக்டர் அதே மாத்திரையின் அளவைக் கூட்டுவார். நாலு மடங்கு வரைகூடப் போகலாம், சர்வதேச வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. சீட்டில் "காலை 2, இரவு 2" என்று பார்த்துப் பயந்துபோய், "டாக்டர் தப்பா எழுதிட்டாரா?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் சீட்டு இல்லாமல் நீங்களாகக் கூட்டவும் கூடாது. அப்புறம் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். லெவோசெட்ரிசினோடு மான்டெலுகாஸ்ட் என்ற வேறொரு மருந்தும் சேர்ந்த மாத்திரை தும்மலுக்காக எல்லா வீட்டிலும் கிடக்கிறது. "லெவோசெட்ரிசினைக் கூட்டு" என்றால் அந்தக் கூட்டு மாத்திரையை நாலாகப் போடக் கூடாது. மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, மனச்சோர்வுவரை கொண்டுபோகும்.

பழைய வகைகளான குளோர்பெனிரமின், அவில், ஹைட்ராக்சிசின் ஆகியவை ஆளைச் சாய்க்கும். மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கும், வண்டி ஓட்டக் கூடாது. தூக்கம் வருவதை மருந்து வேலை செய்வதாக நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

இதைவிட எனக்குக் கவலை ஸ்டீராய்டு. பெட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் பொடி மாத்திரைகள் விலை மலிவு. போட்ட ராத்திரியே தடிப்பு துடைத்துவிட்டாற்போல் போகும். நிறுத்தினால் திரும்பி வரும், மறுபடி போடுவார்கள். ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று எங்கோ வாங்கித் தினம் போட்டுவந்தார். முகம் உருண்டு, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டு, சர்க்கரை 300ஐத் தாண்டியபிறகுதான் அட்டையை என்னிடம் காட்டினார். கடுமையாகக் கிளம்பும்போது டாக்டர் சில நாள், அதிகம் போனால் பத்து நாள், ஸ்டீராய்டு தருவது வேறு. மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை, பிரஷர், எலும்பு, கண் எல்லாவற்றையும் கெடுக்கும். அப்படி ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

நாலு மடங்குக்கும் அடங்காதவர்களுக்கு அடுத்த படி ஒமாலிசுமாப் ஊசி. முதலில் ஆஸ்துமாவுக்கு வந்த மருந்து. இந்த நோய்க்கு அமெரிக்காவில் 2014ல் அனுமதி கிடைத்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், தோலுக்கடியில். ஐஜிஇயைப் பிடித்துக் கட்டிவைத்து மாஸ்ட் செல்லை அமைதிப்படுத்தும். போட்ட பிறகு கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்துக் கவனிப்பார்கள். சிலருக்கு முதல் வாரத்திலேயே கேட்கும், சிலருக்கு மாதங்கள் ஆகும், ஆறு மாதம் வரை பார்த்துவிட்டுத்தான் கைவிடுவார்கள். விலைதான் பெரும் தடை. அது எட்டாவிட்டாலோ கேட்காவிட்டாலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கிற சைக்ளோஸ்போரின் இருக்கிறது. அதைச் சாப்பிடும் காலம் முழுக்க பிரஷரும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மதினிக்கு இவை தேவைப்படவில்லை, ரெண்டு மடங்கு மாத்திரையிலேயே அடங்கிவிட்டது.

கேலமைன் லோஷன் தடவலாம், ஈரத்துணி போடலாம். அரிப்புக்கு இதமாக இருக்கும், தடிப்பை நிறுத்தாது. அருகம்புல், வெற்றிலை, மிளகு கஷாயம் குடிப்பவர்களை நான் தடுப்பதில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடித்தால்தான் தடுப்பேன்.

எப்போது நிறுத்துவது

பெரும்பாலோருக்கு இந்த நோய் சில வருஷங்களில் தானாகவே ஓய்ந்துவிடும். ஓய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, தடிப்பும் அரிப்பும் முழுக்க அடங்கிச் சில மாதம் ஆனபிறகு அளவைக் குறைத்துப் பார்ப்பதுதான். டாக்டரிடம் சொல்லிவிட்டு, தினம் நாலு போடுகிறவர் மூன்றாக்கி ஒரு மாதம் பார்க்கலாம். காலண்டரில் எண் ஏறாவிட்டால் ரெண்டு, அப்புறம் ஒன்று. இடையில் எண் ஏறினால் அடங்கியிருந்த பழைய அளவுக்கே திரும்பிப் போய்விடுங்கள், சில மாதம் கழித்து மறுபடி குறைத்துப் பார்க்கலாம்.

செட்ரிசின், லெவோசெட்ரிசின் நீண்ட காலம் சாப்பிட்டவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளவேண்டும். சட்டென்று நிறுத்தினால் சில நாளில் உடம்பெங்கும் கடுமையாக அரிக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025ல் இதற்கென்றே எச்சரிக்கை கொடுத்தது. அரிக்கிறது, ஆனால் பேனாவால் வட்டம் போட ஒரு தடிப்புகூட இல்லை என்றால், நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டாமல், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.